வியாபாரத்திற்காகப் போய்வரும் ஊருக்கு மனைவியைச் சுற்றுலாவாக அழைத்துப் போகலாமா?

கேள்வி: பாத்திரக்கடைக்காரர், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பாத்திரங்களும் வீட்டு உபயோகப் பொருள்களும் விற்கும் கடை நடத்தி வருகிறேன். கல்யாணச் சீருக்குச் சாமான் எடுக்க வருகிறவர்கள்தான் எங்களுடைய முக்கியமான வாடிக்கையாளர்கள். எவர்சில்வரும் பித்தளையும் உள்நாட்டிலேயே கிடைத்துவிடும். பீங்கான், கண்ணாடிச் சாமான், சமையலறைக்கான சிறு கருவிகள் போன்றவற்றைப் பார்த்து எடுப்பதற்காகச் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் கான்டன் பொருட்காட்சிக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். 1957 முதல் நடக்கும் அந்தக் கண்காட்சி ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மும்மூன்று கட்டங்களாக நடைபெறும்; எங்கள் சரக்கு இரண்டாம் கட்டத்தில் வருவதால், இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து இருபத்தேழாம் தேதி வரை அங்கே இருப்பேன். திருச்சியில் ஏறிச் சிங்கப்பூர் வழியாகப் போய், அதே வழியில் திரும்புவது வழக்கம். சிங்கப்பூரில் பழக்கமான மொத்த வியாபாரி ஒருவர் இருப்பதால் அங்கேயும் ஓரிரு நாள் தங்குவதுண்டு.

இத்தனை தடவை போய்வந்தும் குவாங்சோவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிவது கண்காட்சி அரங்கத்தைப் பற்றி மட்டும்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் மெருகு சீராக ஓடியிருக்கிறதா என்று பார்ப்பேன். விரல் நகத்தால் சுண்டி, ஓசையை வைத்து விரிசல் உண்டா என்று தெரிந்துகொள்வேன். பிறகு விற்பனைக்கு நிற்கும் பெண் கால்குலேட்டரில் ஒரு விலையை அடித்து என் பக்கம் திருப்புவார். நான் அதை அழித்து என் விலையை அடித்து அவர் பக்கம் திருப்புவேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாமலே அரைமணி நேரம் பேரம் நடக்கும். இரவு விடுதிக்கு வந்து, வாங்கிய முகவரி அட்டைகளை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் விலையையும் பெட்டிக் கணக்கையும் எழுதி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். அந்த ஊரில் முத்து ஆறு ஓடுகிறது என்பதை விடுதி ஜன்னல் வழியாகத்தான் அறிந்திருக்கிறேன்.

மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். என் மனைவி இதுவரை வெளிநாடு போனதில்லை, இப்போது போக விரும்புகிறார். வரும் அக்டோபரில் நான் சீனாவிலிருந்து திரும்பும்போது அவரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, அங்கே நான்கைந்து நாள் கூடுதலாகத் தங்கினால் என்னுடைய விமானச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நண்பர்களில் பாதிப்பேர் இது நல்ல யோசனை என்கிறார்கள். மீதிப்பேர், வியாபாரத்தையும் உல்லாசத்தையும் ஒரே பயணத்தில் கட்டினால் இரண்டும் கெடும் என்கிறார்கள். வெளியூர் வேலையாகவும் வேலையில்லாமலும் போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். சரக்கு எடுத்தே பழகிய ஒரு மனிதன் வேடிக்கை பார்க்கிறவனாக மாற முடியுமா என்பதும் எனக்கு உண்மையாகவே உள்ள சந்தேகம்.

பதில்: தணிக்கையாளர், சொந்த ஊர் தேவகோட்டை

ஐயா, வணக்கம். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவில் பணிபுரிகிறேன். துபாய்க்கும் ஜெர்மனிக்கும் அலுவலாக அடிக்கடி செல்ல நேர்கிறது. இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து, அதிலும் அக்டோபரில் வேண்டவே வேண்டாம்.

கண்காட்சி இருபத்தேழாம் தேதி முடிந்தாலும் உங்கள் வேலை அன்று முடிவதில்லை. விலைப்புள்ளிகளை ஒப்பிடுவது, யாரிடம் எத்தனை பெட்டி என்று முடிவு செய்வது, முப்பது சதவீத முன்பணத்தை அனுப்புவது, மீதி எழுபதைக் கப்பல் ரசீதின் நகல் வந்தபின் தருவதாகப் பேசிவைப்பது ஆகிய எல்லாமே அடுத்த ஒரு வாரத்தில்தான் நடக்கும். போதாக்குறைக்கு அந்த நேரத்தில் தீபாவளி வியாபாரமும் நெருங்கிவிடும். கடையில் கூட்டம் நிற்கும்போது சிங்கப்பூர்க் கடற்கரையில் உங்களால் நிம்மதியாக உட்கார முடியாது. உங்கள் மனைவி உங்கள் கைப்பேசியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சமாவது ஒரு விமானச் சீட்டு. அதற்காக அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணத்தைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அலுவல் பயணத்தில் நமக்காக யாரோ ஒருவர் எங்கேயோ காத்திருக்கிறார். நம் பெயர் எழுதிய அட்டை, நமக்கென்று ஒதுக்கிய நாற்காலி, சாப்பாட்டு நேரத்தில் நமக்குப் பிடித்தது எது என்று விசாரிக்கும் ஓர் ஆள் என்று எல்லாம் இருக்கும். சுற்றுலாவாகப் போகும்போது அந்த ஊருக்கு நாம் யாருமில்லை. முதல் இரண்டு நாள் இது சற்று உறுத்தும். பிராங்பர்ட் நகருக்கு நான் எப்போதும் ஞாயிறு இரவு போய் இறங்கி, வியாழன் இரவு திரும்பிவிடுவேன். உயரமான வங்கிக் கட்டடங்களும் அவசரமாக நடக்கும் மனிதர்களும் நிறைந்த ஊர் என்பதே என் மனப்பதிவாக இருந்தது. பின்னர் தங்கையுடன் விடுமுறைக்குப் போனபோதுதான் அங்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருக்க வாய்த்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். வாங்குவதற்கு எதுவும் இல்லாத அந்த நாளில் ஊர் முழுவதும் மைன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டதுபோல் கூட்டம். கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நாய்கள். நான் அறிந்த ஊரில் குழந்தைகளே இருந்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது. அந்தப் பயணத்தில் ஒரே ஒரு மின்னஞ்சல்கூடத் திறக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். திறந்திருந்தால் திங்கட்கிழமை பழைய பிராங்பர்ட் வந்திருக்கும்.

விசா விஷயத்திலும் கவனம் தேவை. சீனாவுக்கு வியாபாரமாகப் போவதற்கு எம் வகை விசா, சுற்றுலாவுக்கு எல் வகை விசா. சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் எடுக்கலாம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சீட்டு எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் முறையில் ஒரு வார்த்தை: முழுவதும் தொழிலுக்காகச் செய்த செலவைத்தான் கடைக் கணக்கில் எழுத முடியும். உங்கள் மனைவியின் சீட்டும், கூடுதலாகத் தங்கும் நாள்களின் விடுதி வாடகையும் உங்கள் சொந்தப் பற்றில்தான் வர வேண்டும். இரண்டு பயணத்தையும் ஒன்றாகக் கட்டினால் ரசீதுகளைப் பிரிப்பதற்குள் உங்கள் கணக்கருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பதில்: பயண வழிகாட்டி, கானாடுகாத்தான்

மேலே எழுதிய சகோதரியின் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் வியாபாரியின் கண்ணோடு போகிறவரால் ஊரை ரசிக்க முடியாது என்பதுபோல் ஒரு தொனி அதில் இருக்கிறது; அதை நான் ஏற்கவில்லை. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வெளிநாட்டவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையில், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், வேலையாக வருகிறவர்கள் ஆகிய இரு வகையினரையும் தினமும் பார்க்கிறேன்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. என்றாலும் பெரும்பாலான குழுக்கள் காலையில் தஞ்சாவூரில் கிளம்பி, இரவு மதுரையில் படுக்கிறவர்கள். இடையிலுள்ள மதிய நேரம் எங்களுக்கு. இரண்டு வீடுகள், வாழையிலைச் சாப்பாடு, ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறை ஆகியவற்றை முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள். பட்டறையில் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவதைப் படம் எடுப்பார்கள். சட்டத்தைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்பதைக் கண்டு கைதட்டுவார்கள். அதன் பிறகு உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையை வைத்துத் தேய்த்து, மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பல நாள் ஊறப்போடுவதும், கடைசியில் வெயிலில் காய்ந்தபின் கண்ணாடி தானாகக் கழன்று ஓடு பளபளப்போடு வெளிவருவதும் அவர்கள் பார்க்காத பாகம். அதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை.

வேலையாக வருகிறவர்கள் வேறு ரகம். கட்டட வடிவமைப்பாளர்கள், ஓடு வாங்க வரும் வெளிமாநில வியாபாரிகள், பழைய கதவு தூண் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சுற்றுகிறவர்கள் ஆகியோர் முகப்பைத் தாண்டியதும் அண்ணாந்து விளக்கைப் பார்ப்பதில்லை. குனிந்து தரையின் மூலையைப் பார்ப்பார்கள். பர்மாத் தேக்குத் தூணைத் தட்டி, கல்லில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். மழைத் தண்ணீர் வளவு என்னும் உள்முற்றத்திலிருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்பார்கள். ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் பேசினாலும், எந்த வீட்டில் எந்தச் சன்னலுக்குக் கொண்டி இல்லை என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. கடைக்காரரே, உங்கள் சந்தேகத்திற்கு என் பதில் இதுதான்: மாற வேண்டிய அவசியமே இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கத்தோடேயே ஊரையும் பாருங்கள்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு விடுதியில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். இங்கே வருகிறவர்களில் மூன்று இரவு தங்குகிறவர்கள் மட்டும்தான் கடைசி நாள் காலையில் டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

பதில்: ஆச்சி, கோனாபட்டு

தம்பிக்கு ஆசிகள். என் பேத்தி இந்த உரையாடலை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

நம் பக்கத்து ஆண்கள் கொண்டுவிற்கப் போனதைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று போன அவர்கள் அந்த ஊர்களைச் சுற்றிப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வருஷக் கணக்கு என்று போவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவதற்குள் மூன்று நான்கு கணக்கு ஓடிவிடும். பெண்களை உடன் அழைத்துப் போகிற வழக்கம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இல்லை. என் ஐயா, அதாவது தாத்தா, மௌல்மீனில் இருந்தவர். அவர் எழுதிய கடிதங்களை என் அப்பத்தா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவற்றில் நெல் விலை உண்டு, வட்டி நிலவரம் உண்டு, ஊரிலிருந்து வந்தவர் கையில் கொடுத்தனுப்பிய சாமான் பட்டியல் உண்டு. அந்த ஊரில் மழை எப்படிப் பெய்யும், ஆறு எப்படி இருக்கும் என்று ஒரு வரி கிடையாது. 1942இல் யுத்தத்தின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிறகும் அவர் பர்மாவைப் பற்றிப் பேசியது நிலக்கணக்காக மட்டும்தான். வீடு நிறையப் பர்மாத் தேக்கும், ஜப்பான் எனாமல் தூக்கும், பெல்ஜியம் கண்ணாடியும் இருந்தன. அவை வந்த ஊரைப் பற்றி வீட்டுப் பெண்களுக்கு எதுவும் தெரியாது.

என் கணவர் பினாங்கில் இருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் வரைக்கும் பினாங்கு என்றால் எனக்கு ஒரு தபால் முத்திரை. அவர்கள் தொழிலை விட்டு ஊருக்கு வந்தபின், ஒரு தைப்பூசத்திற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் எங்களை மலை ரயிலில் ஏற்றினார்கள், பூந்தோட்டத்தைக் காட்டினார்கள், கடற்கரையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு மனது நிறைந்தது பினாங்குத் தெருவில் நம் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில்தான். கீழே நீளமான கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும், ஒரு சாய்வுப் பெட்டி, அதன் பின்னால் பாய் விரித்து உட்கார இடம். மாடியில் எல்லாரும் வரிசையாகப் படுக்கிற நீளக் கூடம், ஆளுக்கு ஓர் அலமாரி. "இதுதான் என் இடம்" என்று சுவரோரம் ஒரு மூன்றடியைக் காட்டினார்கள். அந்தச் சன்னலில் நின்று பார்த்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சீனர் கடை தெரிந்தது. தினமும் காலையில் அந்தக் கடைப் பலகை திறக்கிற சத்தத்தில்தான் கண் விழிப்பேன் என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எனக்குச் சொல்லாத விஷயம் அது. சொல்லக்கூடாது என்பதில்லை; ஊரில் இருக்கும்போது சொல்வதற்கு அது ஒரு விஷயமாகத் தோன்றியிருக்காது.

மறுநாள் விடியற்காலையில் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்பட்டதைப் பார்த்தோம். 1894இல் நம் காரைக்குடியில் செய்து கப்பலில் போன ரதம் அது. தெரு நெடுகச் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைத்தார்கள். இவர்கள் ஏன் நம் முருகனுக்கு உடைக்கிறார்கள் என்று கேட்டேன். அவர்களுக்கும் வியாபாரம் நடக்க வேண்டாமா என்றார்கள்.

ஆகவே தம்பி, சேர்த்துப் போகலாமா தனியாகப் போகலாமா என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உன் வீட்டுக்காரியை நீ வேலை பார்க்கிற இடத்திற்குக் கூட்டிப் போ. சிங்கப்பூரை யாரும் காட்டிவிடுவார்கள். நீ கிண்ணத்தைச் சுண்டிப் பார்க்கிற ஊரை நீதான் காட்ட முடியும். நீ இத்தனை நாள் எந்தக் கடையில் சாப்பிட்டாய், எந்த ரயிலில் போனாய், தனியாகப் படுத்திருந்த அறை எப்படியிருந்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை இருக்காதா? கையோடு தேன்குழலும் சீப்புச்சீடையும் ஒரு டின்னில் போட்டுக்கொண்டு போங்கள். சீனாவில் சாப்பாடு எப்படி என்று எனக்குத் தெரியாது.

பதில்: சிங்கப்பூர்வாசி, சொந்த ஊர் பள்ளத்தூர்

ஆச்சிக்கு வணக்கம். ஆச்சி சொன்னது போன்ற இடம் சிங்கப்பூரில் இப்போது இல்லை என்பதைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இங்கே மார்க்கெட் தெருவில்தான் கிட்டங்கிகள் இருந்தன. நகரப் புதுப்பிப்பில் அவை போய், அந்த இடத்தில் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. எஞ்சியிருப்பது சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தின் பக்கத்தில் உள்ள ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி. அதில் ஒரு செட்டியார் சாய்வுப் பெட்டியின் முன் அமர்ந்து கணக்கு எழுதுகிறார். இந்தக் காலத்து நிதித் தொழிலில் இருப்பவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கடந்து நேராகச் சிங்கச் சிலைக்குப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோவில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு அதே இடத்தில் இருக்கிறது. 2014இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

அண்ணே, அக்டோபரில் சிங்கப்பூர் வருவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். மாதத் தொடக்கத்தை ஒட்டிக் கார்ப் பந்தயம் நடக்கும்போது விடுதி வாடகை கண்டபடி ஏறும். உங்கள் தேதி அதற்குப் பிந்தியது என்பதால் தப்பித்தீர்கள். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் தீபாவளி விளக்கு அலங்காரம் இருக்கும். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகத் தீமிதி நடக்கும். அண்ணிக்கு அது பிடிக்கும். ஞாயிறு மாலை தேக்காவுக்குப் போக வேண்டாம், நிற்க இடம் கிடைக்காது. முஸ்தபா கடைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. அதற்கு ஒரு முழு மாலையை எழுதிவைத்துவிடுங்கள்.

ஆனாலும் ஆச்சியின் யோசனைதான் எனக்கும் சரியென்று படுகிறது. பொறியாளர் வேலையாகக் குவாங்சோவுக்கு அவ்வப்போது நானும் போவதுண்டு. கண்காட்சி நடக்காத நாள்களில் அந்த ஊர் மிகவும் நிதானமானது, விடுதிகளும் மலிவு. சென் குல மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பெயரிலேயே முதலாம் வழித்தடத்தில் மெட்ரோ நிலையமும் உண்டு. குவாங்டுங் மாகாணத்தின் 72 வட்டாரங்களிலிருந்து சென் குலத்தார் பணம் சேர்த்து, தங்கள் பிள்ளைகள் அரசாங்கத் தேர்வு எழுத வரும்போது தங்குவதற்கும் முன்னோரை வழிபடுவதற்குமாக 1894இல் கட்டி முடித்தார்கள். ஆச்சி சொன்ன வெள்ளி ரதத்தின் அதே வருஷம். உள்ளே நுழைந்தால் முற்றம், தாழ்வாரம், அடுத்த முற்றம் என்று நம் வீடுகளைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். கடைக்காரர் பார்க்க வேண்டியது கூரை முகடு. அதில் முழுக்க முழுக்கச் சுட்ட பீங்கான் பொம்மைகள், நாடகக் காட்சிகளாக வரிசையில் நிற்கின்றன. பக்கத்து ஊரான போஷானைச் சேர்ந்த ஷிவான் சூளைகளில் செய்தவை. வருஷா வருஷம் பீங்கான் எடுக்கப் போகிறவர் அதைப் பார்க்காமல் வருவது நியாயமில்லை. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்: அங்கே கூகுளும் வாட்ஸப்பும் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யாது, இந்திய எண்ணிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் வேலை செய்யும். ரொக்கம் கொடுத்தால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். அலிபே செயலியில் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இணைத்துக்கொள்ளலாம், டீக்கடையிலிருந்து டாக்சி வரை அதிலேயே கொடுத்துவிடலாம். தங்கும் விடுதியின் பெயரைச் சீன எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணியிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

மறுமொழி: பாத்திரக்கடைக்காரர், காரைக்குடி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆச்சிக்குத் தனியாக என் வணக்கம்.

நேற்று இரவு இவற்றை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிங்கப்பூரைப் பற்றிய பத்திகளைப் பொறுமையாகக் கேட்டார், குவாங்சோ பற்றி வந்தபோது இடைமறித்து, "நம் கடையில் இருக்கிற அந்த நீலப்பூத் தட்டு எந்த ஊரில் செய்வது?" என்று கேட்டார். தெரியாது, அரங்கத்தில் எடுத்தது என்றேன். அதற்குப் பிறகு சிங்கப்பூர்ப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அக்டோபரை விட்டுவிட்டோம், தணிக்கையாளர் அம்மா சொன்னபடி தீபாவளி நேரத்தில் என்னால் கடையை மறந்து இருக்க முடியாது. ஏப்ரலும் ஆகாது, சித்திரை வைகாசிக் கல்யாணங்களுக்கு அப்போதுதான் சீர்ச் சாமான் நகரும். ஆடியில் கடை ஓய்வாக இருக்கும், ஆனால் அந்த மாதத்தில் குவாங்சோவில் வெயிலும் புயல் மழையுமாக இருக்கும் என்பதால், மார்கழியில் கல்யாணம் இல்லாத நாள்களில் போகலாமென்று நினைக்கிறோம். மார்கழியில் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு முடிந்து, அதற்கான இழை எடுத்துக்கொண்ட பிறகு கிளம்புவதாக உத்தேசம். இரண்டு கேள்விகள் மட்டும் மீதமிருக்கின்றன. என் பாஸ்போர்ட்டில் முன்பு எடுத்த எம் விசாக்கள் இருக்கின்றன. இந்தத் தடவை இருவருக்குமே எல் விசா எடுக்க வேண்டுமா? அங்கே போயிருக்கும்போது போஷான் பக்கம் ஒரு தட்டுச் சூளையை எட்டிப் பார்ப்பதில் தடை ஏதும் உண்டா?

பதில்: தணிக்கையாளர், சொந்த ஊர் தேவகோட்டை

ஐயா, பயணத்தின் நோக்கம் சுற்றுலா என்றால் இருவருக்கும் எல் விசாதான். போக வர விமானச் சீட்டும் விடுதி முன்பதிவும் இருவர் பெயரிலும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். முன்பு எடுத்த விசாக்களின் விவரத்தையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள்; அதை விடாமல் எழுதிவிடுங்கள். டிசம்பர் கடைசியில் விமானக் கட்டணம் ஏறும் என்பதால், நோன்பு முடிந்த அந்த வாரத்திலேயே கிளம்பிவிடுவது நல்லது. சூளையை வேடிக்கை பார்க்கலாம், அம்மாவுக்குப் பிடித்த தட்டு ஒன்றிரண்டை வீட்டுக்கு வாங்கலாம். விலை பேசி, பெட்டிக் கணக்கில் எழுதிவைத்து வரும் வேலையை ஏப்ரலுக்கு, எம் விசாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.